முன்றிலும் புல்லும்

வீட்டின் முன்னிடத்தைப் பண்டைத் தமிழர் முன்றில் என்று வழங்கினர். ‘இல் முன்’ என்னும் தொடரே, சொற்கள் இரண்டும் இடம் மாறி, முன்றில் என நின்றது என்பர் இலக்கண நூலார். அச்சொல்லை இன்று பேச்சில் வழங்குவாரைக் காண்டல் அரிது. விழுப்புரம், திண்டிவனம் ஆகிய நகரங்களிலும் அவற்றைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் வாசல் என்பதே வழக்கு. ‘இல்வாய்’ என்பது வாயில் என மாறிப் பின்னர் வாசல் எனத் திரிந்ததாதலின், அதுவும் முன்றிலோடு ஒரு குடிப்பிறந்த சொல்லே ஆகும்.

இவ்வூர்களில் வாசல் என்றால் பெருக்கித் தெளித்துக் கோலமிட்ட வெறும் மண்தரை என்பதே பொருள். அங்குப் புல் முளைத்திருக்கக் கண்டால், அவ்வீட்டில் ஆள் இல்லை போலும் என்று கருதுவர். ‘வாசலில் புல் முளைத்துவிட்டது’ என்று ஒரு வீட்டைப்பற்றிச் சொன்னால், அக்குடி நொடித்தது என்று கேட்போர் உணர்ந்துகொள்வர். ஆனால் உலகின் வேறு சில நாடுகளிலோ முன்றிலில் புல் வளராவிடின் மனம் வருந்துவோரே பலர். அவர்கள் விலை கொடுத்துப் புல்லை வாங்கி நட்டு, நீர் பாய்ச்சி, உரமிட்டு, வாரந்தோறும் அதனை வெட்டிச் சமன் செய்கின்றனர். ஒரே புல் ஓரிடத்தில் இகழவும் மற்றோரிடத்தில் போற்றவும் படுவது ஏன் என்பது ஆராயத் தக்கது.

வாசலை வெறுமையாக வைக்கும் வழக்கம் அழகு கருதி மட்டும் எழுந்ததன்று. நெல்லும் மணிலாக்கொட்டையும் விளையும் நாடு இது. மணிலாக்கொட்டையை இப்பகுதி மக்கள் மல்லாட்டை என்பர். திண்டிவனத்து எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவான வகைகள் அவ்வூரின் பெயரைச் சுருக்கி டி.எம்.வி. என்று பெயர் பெற்று நாடெங்கும் பரவியுள்ளன. அறுவடைக் காலத்தில் மல்லாட்டையும் மிளகாயும் புளியும் காய்வதற்கு வாசலே களமாகும். புல் இருந்தால் விளைபொருள் அதனிடையே சிக்கும்; ஈரமும் ஏறும். அன்றியும், புல் அடர்ந்த இடம் பூச்சியினங்களுக்குப் புகலிடம். தவளையும் எலியும் அங்கு வரும்; அவற்றைத் தேடிப் பாம்பு வரும். நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் கட்டு விரியனும் சுருட்டை விரியனும் உலவும் நிலத்தில், இருளில் வாசலைக் கடந்து செல்லும் சிறுவரும் முதியோரும் தரையைக் கண்ணால் காணும்படி இருத்தல் வேண்டும் என்று முன்னோர் கருதியது பொருந்துவதே. சாணநீர் தெளிப்பதும் காரணமுடையதே. அது புழுதியை அடக்கி, மேல்மண்ணை ஆடைபோல் இறுகச் செய்கின்றது. அவ்வாறு இறுகிய தரையிலேதான் அரிசிமாக் கோலம் நன்கு படியும்.

எனினும், மழைக்காலத்தில் எத்துணைப் பெருக்கினும் புல் முளைக்காமல் இராது. இப்பகுதிக்கு ஆண்டில் ஏறத்தாழ 1,000 மில்லிமீட்டர் மழை கிடைக்கின்றது. அதிற் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் வடகிழக்குப் பருவக்காற்றினால் வருவது. அம்மழை ஓய்ந்து மார்கழி பிறக்கும்போது வாசலின் ஓரங்களிலும் வேலியடியிலும் அருகும் கோரையும் நெருஞ்சியும் தழைத்து நிற்கும். பொங்கலுக்கு முன் அவற்றை மண்வெட்டியால் மேலோடு சீவி எடுப்பர். இதற்குப் புல் செதுக்குதல் என்று பெயர். வெட்டுதல் வேறு, செதுக்குதல் வேறு. வெட்டுதல் புல்லின் தலையை மட்டும் கொள்வது. செதுக்குதல் தரையோடு வைத்து எடுப்பது. இவ்விரு சொற்களின் வேறுபாட்டிலேயே இந்நாட்டு மக்கள் வாசற்புல்லின்மேல் கொண்ட கருத்து விளங்கும். அவர்கள் வாசலில் புல்லை வெட்டுவதில்லை, செதுக்கவே செய்கின்றனர்.

இதனால் அவர்களைப் புல்லின் பகைவர் என்று கொள்ளுதல் தவறு. புல் இருக்கவேண்டிய இடம் வேறு என்பதே அவர்தம் துணிபு. வயல் வரப்பின் மேற்புறத்தில் அருகு படர்ந்திருப்பதை உழவர் விரும்புவர். அதன் வேர் மண்ணைப் பற்றி நிற்பதால் மழைநீர் வரப்பைக் கரைப்பதில்லை; காலும் வழுக்குவதில்லை. ஆனால் வரப்பின் பக்கங்களை நடவுக்கு முன் செதுக்கிச் சேறு பூசி மெழுகுவர். அங்குப் புல் மண்டினால் எலி வளை தோண்டும். பயிரைத் தாக்கும் பூச்சிகளும் அதில் தங்கும். ஒரே வரப்பில் மேற்புறத்துப் புல் காக்கப்படுகின்றது, பக்கத்துப் புல் களையப்படுகின்றது. எங்கே விடுவது, எங்கே எடுப்பது என்னும் இந்நுட்பம் எந்த ஏட்டிலும் படித்து வந்ததன்று.

வரப்புப் புல்லை அறுப்பதற்கும் பயன் உண்டு. முற்பகலில் மகளிர் கருக்கரிவாளோடு சென்று புல்லறுத்துக் கட்டாகக் கட்டித் தலைமேற் சுமந்து வருவது இப்பகுதியில் பன்னெடுங்காலமாகக் காணப்பட்ட காட்சி. இன்றும் கறவைமாடு வைத்திருப்போர் வீடுகளில் அதனைக் காணலாம். புல் மாட்டுக்கு, மாட்டின் சாணம் வாசலுக்கும் எருக்குழிக்கும், எரு மீண்டும் வயலுக்கு. மார்கழித் திங்களில் சாணத்தை உருண்டையாகப் பிடித்து, அதன்மேல் அருகம்புல்லையோ பரங்கிப்பூவையோ செருகிக் கோலத்தின் நடுவே வைப்பர். நாள்தோறும் வாசலிலிருந்து நீக்கப்படும் அருகு, அம்மாதத்தில் மட்டும் விநாயகருக்கு உரியதாகி வாசலின் நடுவிடத்தைப் பெறுகின்றது. திருமணத்தில் அருகும் அரிசியும் தூவி வாழ்த்துவதை அருகிடுதல் என்பர். அங்கு வாழ்த்துப் பொருளாக விளங்குவதும் இதே புல்தான்.

அருகுக்கு இத்துணை மதிப்பு ஏற்பட்டதன் காரணத்தை அதன் இயல்பிலேயே காணலாம். அது நிலத்தின்மேல் கொடிபோல் ஓடுவதோடு நிலத்தின் கீழும் தண்டை ஓட்டுகின்றது. கணுவுக்குக் கணு வேர் விடுகின்றது. கோடையில் மேற்பகுதி முற்றும் கருகி, இறந்தது போலத் தோன்றும். மண்ணுள் மறைந்த தண்டோ உயிரோடு காத்திருக்கும். ஒரு மழை பெய்தவுடன் சில நாட்களிற் பச்சை காட்டும். திருவள்ளுவர் வானின் சிறப்பை உரைக்குங்கால் பசும்புல்லை எடுத்துக்காட்டாகக் கொண்டது இதனைக் கண்டறிந்தே போலும்.

ஈண்டுப் புல் என்னும் சொல்லைப்பற்றிச் சிறிது கூறுதல் மிகையாகாது. தொல்காப்பியர் மரபியலில், புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் என்றும் அகத்தே வயிரம் உடையவற்றை மரம் என்றும் பகுத்தார். அப்பகுப்பின்படி, விழுப்புரம் மாவட்டத்து ஏரிக்கரைகளில் வரிசையாக நிற்கும் பனையும் தென்னையும் மூங்கிலும் புல்லினத்தைச் சேர்ந்தவை. இக்காலத்துத் தாவர நூலார் மூங்கிலைப் புற்குடும்பத்திலேயே வைக்கின்றனர். பனையையும் தென்னையையும் வேறு குடும்பமாகப் பிரிப்பினும், ஒருவித்திலைத் தாவரங்கள் என்னும் பெரும்பிரிவில் புல்லோடு சேர்த்தே எண்ணுகின்றனர்.

இனி, புல்லை முன்றிலில் வளர்த்து வெட்டும் வழக்கம் பிறந்த நாட்டை நோக்குவோம். இங்கிலாந்தில் ஆண்டு முழுதும் சிறுதூறல் உண்டு, வெயில் கடுமையன்று. அங்குப் புல் தானே வளர்ந்து மென்மையாகப் படரும். செல்வர் தம் மாளிகைகளின் முன்னே பரந்த புல்தரை அமைத்தனர். அதனை நீண்ட அரிவாளால் வெட்டுவதற்கு ஆட்கள் பலர் வேண்டும். ஆட்டு மந்தையை விட்டு மேயச் செய்தலும் உண்டு. ஆகவே புல்தரை செல்வத்தின் அடையாளமாயிற்று. 1830-ஆம் ஆண்டில் அந்நாட்டுக் குளோசுட்டர் பகுதியைச் சேர்ந்த எட்வின் பட்டிங் என்பவர் புல்வெட்டும் பொறியைப் படைத்து அதற்குக் காப்புரிமை பெற்றார். கம்பளித் துணி ஆலைகளில், துணியின்மேல் எழுந்து நிற்கும் மயிரைச் சீராகக் கத்தரிக்க உருளை வடிவான கத்திகள் கொண்ட பொறி இருந்தது. துணியைக் கத்தரிப்பது புல்லையும் கத்தரிக்கும் அன்றோ என்று அவர் எண்ணியதன் பயனே அப்பொறி. அதன் பின்னர் ஓராளே ஒரு பெரிய புல்தரையைப் பேண முடிந்தது. நடுத்தரக் குடும்பத்தினரும் வீட்டின் முன் புல் வளர்க்கலாயினர்.

இவ்வழக்கம் அமெரிக்காவில் மேலும் பெருகிற்று. அந்நாட்டில் வீட்டு முன்றில்கள், பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள் ஆகியவற்றிலுள்ள புல்தரைகளை ஒன்றாகச் சேர்த்தால் ஏறத்தாழத் தமிழ்நாட்டின் பரப்பளவு இருக்கும். வாரக் கடைசியில் புல் வெட்டுவது அங்கு இல்லறத்தாரின் கடமைபோல் ஆகிவிட்டது. குறித்த உயரத்துக்குமேல் புல்லை வளர விட்டவருக்குத் தண்டம் விதிக்கும் நகரங்களும் உள்ளன. வாசலில் புல் இருந்தால் அவ்வீட்டாரைக் குறை கூறும் நம் ஊரும், புல் ஓரங்குலம் மிகுந்தால் அவ்வீட்டாரைக் குறை கூறும் அந்நாட்டு ஊரும் ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றும். அயலார் வாயில் விழாதிருத்தல் என்னும் அச்சமோ இரண்டற்கும் பொது. வியப்புக்குரிய செய்தி ஒன்றும் உண்டு. அமெரிக்காவின் வெப்பமிக்க தென்பகுதியில் பெர்முடாப் புல் என்னும் பெயரால் விற்கப்பட்டு, முன்றில்களில் நடப்படும் புல் வேறொன்றன்று. நம் வரப்புகளில் கிடக்கும் அருகே அது.

தமிழ்நாட்டில் ஆங்கிலேயர் அத்தகைய புல்தரைக்கு ஏற்ற இடமாகத் தேர்ந்தது உதகமண்டலத்தை. 1848-ஆம் ஆண்டளவில் மக்கைவர் என்பவரின் பொறுப்பில் உருவாகத் தொடங்கிய அரசினர் தாவரவியல் பூங்காவின் புல்தரை இன்றும் காண்பார் கண்ணைக் கவர்கின்றது. அங்குக் குளிரும் பனியும் மழையும் துணை நிற்கின்றன. சமவெளியில் அத்தகைய துணை இல்லை. திண்டிவனத்துக்கு மேற்கே உள்ள செஞ்சிக் கோட்டையில், கல்யாண மகாலைச் சூழ்ந்து தொல்லியல் துறையினர் புல்தரை வைத்துப் பேணுகின்றனர். அப்பாறைக் குன்றுகளின் அடியில் அப்பசுமை இனிமை தருவது உண்மையே. ஆயினும் அதன் பின்னே நாள்தோறும் நீர் பாய்ச்சி வெட்டும் தோட்டப் பணியாளரின் உழைப்பு உள்ளது என்பதை மறத்தல் ஆகாது.

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் நகரின் புறத்தே வயல்கள் மனைப்பிரிவுகளாக மாறியுள்ள இடங்களில், புதிய வீடுகள் சிலவற்றின் முன்னே இப்பொழுது புல்தரையைக் காணலாம். பெரும்பாலும் கொரியன் புல் என்று நாற்றங்காலில் விற்கப்படும் வகையையே விரும்பி நடுகின்றனர். அது மெல்ல வளர்வதாதலின் அடிக்கடி வெட்ட வேண்டுவதில்லை. வெட்டாது விட்டால் மேடும் பள்ளமுமாகத் திரளும். அருகோ விரைந்து வளரும். அதனை நன்கு வெட்டினால் அதுவும் கம்பளம்போல் அமையும். ஆனால் நிழலில் வளராது. புளிய மரத்தைக் குறிக்கும் திந்திரிணி என்னும் வடசொல்லால் அமைந்த திந்திரிணிவனம் என்பதே திண்டிவனம் என மருவிற்று என்பர். அவ்வூரார்க்குப் புளிய நிழலில் புல் தங்காது என்பதைச் சொல்லித் தரவேண்டியதில்லை.

புல்லை வெட்டுவதிலும் முறை உண்டு. பெரும்பாலான செடிகளின் வளர்நுனி தலையில் இருக்கும். புல்லுக்கோ அது தரையை ஒட்டி அடியில் இருக்கும். அதனாலேயே மாடு மேய்ந்தாலும் அரிவாள் அறுத்தாலும் புல் மீண்டும் வளர்கின்றது. ஆயினும் ஒரே முறையில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் குறைத்தல் தகாது. இலையே புல்லுக்கு உணவு சமைக்கும் இடம். இலையை மிகுதியாக இழந்த புல்லின் வேரும் சுருங்கும். வேர் சுருங்கிய புல் இரண்டு நாள் நீர் இல்லாவிடினும் வாடும். வீட்டார் பலர், அடிக்கடி வெட்டும் தொல்லையைக் குறைக்க எண்ணித் தரையோடு ஒட்ட வெட்டிவிடுகின்றனர். அதனால் மண் வெயிலைக் காண்கின்றது. வெயிலைக் கண்ட மண்ணில் கோரையும் பார்த்தீனியமும் முளைக்கின்றன. தொல்லை இரட்டிப்பாகின்றது. அருகை மூன்று நான்கு சென்டிமீட்டர் உயரத்தில் நிறுத்துவதே நன்று. கோடையில் இன்னும் சிறிது உயர விடலாம். கத்தி மழுங்கியிருப்பின் இலை அறுபடாமல் கிழிபடும். மறுநாள் நுனிகள் எல்லாம் பழுப்பாகத் தோன்றும். ஈரப்புல்லை வெட்டுதலும் நன்றன்று. வெட்டிய துணுக்குகள் சிறியனவாயின் அவற்றை வாரிக் கொட்டாமல் தரையிலேயே விட்டுவிடலாம். அவை மக்கி அப்புல்லுக்கே உரமாகும்.

இவ்வாறு புல் வளர்ப்போர் சிலரே. மிகப் பலர் வேறு வழியைத் தேர்ந்துள்ளனர். வீட்டில் மாடு இல்லை, ஆதலின் புல்லுக்குப் பயன் இல்லை, சாணமும் இல்லை. நாள்தோறும் பெருக்கித் தெளிக்க நேரம் இல்லை. செதுக்குவதற்கு ஆள் கிடைப்பதும் அரிதாகிவிட்டது. ஆகவே வாசல் முழுவதும், மதிலுக்கு மதில், சிமெண்டு பூசியோ கல் பதித்தோ மூடிவிடுகின்றனர். இனிப் புல் முளைக்காது, சேறு ஒட்டாது, வண்டி நிறுத்தவும் இடமாயிற்று. கோலத்தையும் சிலர் நீங்கா வண்ணத்தால் ஒரு முறை எழுதி முடித்துவிடுகின்றனர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. அவர்கள் உற்ற இடர் உண்மையானது. ஆனால் புல்லை நீக்குவதாக எண்ணி அவர்கள் நீக்கியது புல்லை மட்டுமன்று. மழைநீர் மண்ணுள் இறங்கும் வழியையும் சேர்த்தே நீக்கிவிட்டனர்.

இதனை ஒரு கணக்கால் அறியலாம். இருபதடி நீளமும் பத்தடி அகலமும் உள்ள ஒரு வாசலின் பரப்பு 200 சதுர அடி. அஃதாவது ஏறத்தாழ 18½ சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் ஆகும். ஆண்டுக்கு 1,000 மில்லிமீட்டர் என்று கொண்டால், அச்சிறு வாசலில் மட்டும் 18,500 லிட்டர் நீர் விழுகின்றது. மண்தரையாயின் அதில் ஒரு பகுதி உள்ளே இறங்கும்; புல் படர்ந்த தரையாயின், வேர்கள் மண்ணைத் துளைத்து நெகிழ்த்தியிருப்பதால், இன்னும் மிகுதியாக இறங்கும். சிமெண்டுத் தரையாயின் ஏறத்தாழ முழுவதும் தெருவுக்கு ஓடும். பாறை மிகுந்த இந்நிலத்தில் கிணறும் ஆழ்குழாயும் நம்பியிருப்பது மேலிருந்து இறங்கும் நீரையே. 2003-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு கட்டடங்கள் யாவற்றிலும் மழைநீர் சேகரிப்பு அமைப்பைக் கட்டாயமாக்கிற்று. அவ்வமைப்புகள் பெரும்பாலும் கூரை நீரையே ஏற்கின்றன. வாசல் நீர் தன்வழியே போகின்றது.

அந்நீர் போகும் வழியில் என்ன நேரும் என்பதை 2024-ஆம் ஆண்டு இறுதியில் இப்பகுதி மக்கள் கண்ணாரக் கண்டனர். பெங்கல் புயல் கரை கடந்தபோது, திண்டிவனத்துக்கு அண்மையிலுள்ள மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. ஓராண்டு மழையில் பாதி ஒரு நாளில் வந்தது. முன்னர்க் கூறிய வாசலின் அளவுக்கு அது 9,000 லிட்டருக்கும் மேல். அத்தகைய பெருமழையை எந்தப் புல்தரையும் முழுவதும் உண்டுவிடாது. நாள்தோறும் பெய்யும் சிறுமழையையேனும் அது உண்ணும்.

புல்லும் மரமும் அற்ற மண்ணுக்கு என்ன நேரும் என்பதற்கும் இம்மாவட்டத்திலேயே சான்று உண்டு. 1968-ஆம் ஆண்டில் வானூர் வட்டத்தில் ஆரோவில் நிறுவப்பட்டபோது அந்த மேட்டுநிலம் பெரும்பாலும் வறண்ட செம்மண் வெளியாய்க் கிடந்தது. மழை பெய்யுந்தோறும் மண் கரைந்து ஓடி ஆழ்ந்த ஓடைகள் பிளந்திருந்தன. குடியேறியவர்கள் முதலில் வரப்புகள் போட்டு நீரைத் தடுத்து நிறுத்தினர். தடுத்த இடத்தில் மரங்களை நட்டனர். இன்று அவ்விடம் காடாக விளங்குகின்றது.

அவ்வாறெனில் ஒவ்வொரு வாசலிலும் இங்கிலாந்துப் புல்தரை வேண்டுமோ எனின், வேண்டா. சித்திரை, வைகாசி வெயிலில் பசுமை குன்றாது நிற்க, புல்தரைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஐந்து மில்லிமீட்டர் நீர் தேவை. இருபதடி வாசலுக்கு அது 90 லிட்டருக்கும் மேல், ஐந்தாறு குடங்கள். குடிநீருக்கு மக்கள் குழாயடியில் குடத்தோடு நிற்கும் காலத்தில் அத்தனை குடங்களைப் புல்லுக்கு ஊற்றுவது முறையாகாது. அருகுக்கு அது தேவையும் இல்லை. கோடையில் அது கருகட்டும். ஆடிக்குப் பின் முதல் மழையில் தானே எழும்.

இவ்வூர்களில் சில வீட்டார் ஒரு நடுவழியைக் கைக்கொண்டுள்ளனர். வாயிற்படியிலிருந்து தெருக்கதவு வரை நடக்கவும் கோலமிடவும் வேண்டிய அளவுக்குத் தரையைக் கெட்டியாக்கி, இரு மருங்கிலும் மதிலோரமாக இரண்டடி அல்லது மூன்றடி மண்ணைத் திறந்தே விடுகின்றனர். அங்கு அருகு தானே படர்கின்றது. பாம்புக்கு அஞ்சுவோர் அதனைக் கணுக்காலுக்குமேல் உயர விடுவதில்லை. மழைக்காலத்தில் பத்து நாளைக்கு ஒரு முறை, கோடையில் மாதத்துக்கு ஒரு முறை அரிவாள் போதும்; பொறியும் வேண்டா. அடுத்த தெருவில் கறவைமாடு வைத்திருப்பவர் எவரேனும் இருந்தால், அவரே கருக்கரிவாளோடு வந்து அறுத்து எடுத்துச் செல்வார். கூலி கேட்பதில்லை. மார்கழியில் கோலத்தில் வைக்கச் சாண உருண்டைகள் வேண்டுமாயின், அவற்றை அவர் வீட்டிலிருந்தே பெற்றுக்கொள்கின்றனர்.